தன்கையே தனக்குதவியா? – லோறா இங்கல்ஸ் வைல்டரின் நாவல்களில் முன்னோடிக் கமக்காரனும் அவன் குடும்பமும்

1

சிறுவருக்கென எழுதப்படும் நூல்களை இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. முற்போக்கு விமர்சகரும் இதற்கு விலக்கல்லர். நாவல், சிறுகதை, கவிதை ஆகியவற்றின் சமூக அடிப்படைகளை ஆராயுங்கால் காட்டும் அக்கறையை, பத்து வயதுப் பிள்ளையின் கையிலே கொடுக்கப்படும் நூலின்பால் நாம் காட்டுவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் தனது வரலாற்றிலே எதனைத் தன் பிள்ளைகளுக்குக் கூறுகிறது, எதனைக் கூறாது விடுகிறது என்பதைக் கொண்டே, அச்சமுதாயத்தில் மேலாதிக்கம் பெற்றுள்ள கருத்துநிலையை மிகத் தெளிவாக இனங்காணலாம். வளர்ந்தோருக்கு வாதிட்டு நிறுவவேண்டிய கருத்து, பிள்ளைக்குக் கதையாகவே சென்று சேர்ந்துவிடுகிறது.

இவ்வகையில் ஐக்கிய அமெரிக்காவின் லோறா இங்கல்ஸ் வைல்டர் (1867–1957) எழுதிய 'சிறுவீடு' நாவல் வரிசை சிறப்பான கவனத்துக்குரியது. 1932க்கும் 1943க்கும் இடையில் வெளிவந்த எட்டு நூல்களைக் கொண்டது இவ்வரிசை. பெருங்காட்டிற் சிறுவீடு (1932), கமக்காரச் சிறுவன் (1933), புல்வெளியிற் சிறுவீடு (1935), பிளம் ஓடைக்கரையில் (1937), வெள்ளி ஏரிக்கரையில் (1939), நீண்ட பனிக்காலம் (1940), புல்வெளியிற் சிறுபட்டினம் (1941), இந்த இனிய பொற்காலம் (1943) என அவற்றின் பெயர்களைத் தமிழிற் கூறலாம். இவற்றுள் கமக்காரச் சிறுவன் ஆசிரியையின் கணவரான அல்மான்சோ வைல்டரின் இளமைக்காலத்தைக் கூறுவது. ஏனைய ஏழும் ஆசிரியையின் தந்தை சார்ள்ஸ் இங்கல்ஸ், தாய் கரலைன், புதல்வியர் மேரி, லோறா, கரி, கிறேஸ் ஆகியோரைக் கொண்ட ஒரு குடும்பத்தின் கதையாகும். மூடுவண்டியொன்றிலே மேற்கு நோக்கிச் சென்று, காட்டையும் புல்வெளியையும் திருத்தி, வீடு கட்டி, கமஞ்செய்து வாழ முயன்ற குடும்பம் அது.

தலைமுறை தலைமுறையாக அமெரிக்கப் பிள்ளைகள் இந்நூல்களின்வழியே தமது நாட்டின் 'முன்னோடிக் கமக்காரனை' அறிந்துகொண்டனர். யாருடைய தயவுமின்றித் தன் கோடரியையும் கலப்பையையும் துப்பாக்கியையும் நம்பி வாழ்ந்தவனாக, 'தன்கையே தனக்குதவி' என்பதற்கு இலக்கணமானவனாக அவன் இந்நூல்களிலே காட்சி தருகிறான். அவனது சுதந்திரம் வரலாற்றிலே எத்தகையதாய் இருந்தது, நாவல்களிலே எவ்வாறு உருப்பெற்றது, இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு எந்த நலன்களுக்குப் பயன்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆசிரியையை வைல்டர் என்றும், கதைமாந்தராகிய சிறுமியை லோறா என்றும் வேறுபடுத்திக் குறிப்பிடுவோம். அவ்வேறுபாடு வெறும் வசதிக்கானதன்று என்பது பின்னர் புலனாகும்.

2

வைல்டர் பிறந்தது 1867 பெப்ருவரி மாதம், விஸ்கொன்சின் மாநிலத்துப் பெப்பின் என்னும் ஊரையடுத்த காட்டிலாகும். அதே ஆண்டு செப்ரெம்பரில் ஜேர்மனியிலே கார்ல் மார்க்சின் மூலதனம் முதலாம் தொகுதி வெளியாயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலானதே. எனினும் அத்தொகுதியின் இறுதி அத்தியாயம் குடியேற்றம் பற்றியதாக இருத்தல் மனங்கொள்ளத்தக்கது. நிலம் எளிதிற் கிடைக்கும் புதிய நாடுகளிலே தொழிலாளி விரைவிற் கூலியுழைப்பை விட்டு நீங்கிச் சுயேச்சையான உற்பத்தியாளனாகி விடுகிறான் என்றும், உழைப்பாளரை உற்பத்திச் சாதனங்களிலிருந்து பிரித்தாலன்றி மூலதனம் தழைக்கமாட்டாது என்னும் உண்மை அங்கேதான் வெளிப்படையாகிறது என்றும் மார்க்ஸ் அதிலே எடுத்துக்காட்டினார். அதே அத்தியாயத்தின் முடிவிலே, உள்நாட்டு யுத்தத்தின் பின்னர் அமெரிக்காவில் நிலைமை மாறிவருவதையும், பொதுநிலத்தின் பெரும்பகுதி புகையிரதப் பாதைகளையும் சுரங்கங்களையும் நடத்தும் ஊகவணிகக் கம்பனிகளுக்கு வாரி வழங்கப்படுவதையும் அவர் சுட்டத் தவறவில்லை.

சார்ள்ஸ் இங்கல்சின் வாழ்க்கை இவ்விரு போக்குகளுக்குமிடையே அகப்பட்டதாகும். 1836இல் நியூயோர்க் மாநிலத்திலே பிறந்த அவர், கூலியுழைப்பிலிருந்து விடுபட்டுச் சொந்த நிலத்திற் காலூன்றும் வாய்ப்பைத் தேடியே வாழ்நாளெல்லாம் அலைந்தார். 1862ஆம் ஆண்டின் வீட்டுநிலச் சட்டம் அவ்வாய்ப்பைச் சட்டபூர்வமாக்கியது. சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் நிலத்தைப் பதிவுசெய்து, ஐந்தாண்டுகள் அதில் வாழ்ந்து பயிரிடுவோருக்கு அந்நிலம் உரித்தாகும் என்பது அதன் சாரம். இச்சட்டம் நடைமுறையிலிருந்த காலம் முழுவதிலும் ஏறத்தாழ 16 இலட்சம் பேர் மொத்தமாக 27 கோடி ஏக்கர் நிலத்துக்கு உரித்துப் பெற்றனர். அதே 1862ஆம் ஆண்டிலே பசிபிக் புகையிரதச் சட்டமும் நிறைவேறியது. 1850க்கும் 1871க்கும் இடையிலே புகையிரதக் கம்பனிகளுக்கு மத்திய அரசு வழங்கிய நிலம் ஏறத்தாழ 13 கோடி ஏக்கராகும். கமக்காரன் ஐந்தாண்டு வியர்வை சிந்திப் பெறவேண்டியதைக் கம்பனி கையொப்பமொன்றினாலே பெற்றுக்கொண்டது.

இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும்போது, 'இலவச நிலம்' என்பது அரசின் நிலக்கொள்கையால் உருவாக்கப்பட்டதொன்று என்பது தெளிவாகும். அந்நிலம் சுதேச குடிகளிடமிருந்து இராணுவத்தாலும் உடன்படிக்கைகளாலும் பறிக்கப்பட்டது. அரசினால் அளந்து பங்கிடப்பட்டது. புகையிரதத்தினாலே சந்தையோடு பிணைக்கப்பட்டது. இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் முன்னோடிக் கமக்காரன் என்றொருவன் தோன்றியிருத்தல் இயலாது.

3

இவ்வுண்மை மிகக் கூர்மையாக வெளிப்படுவது புல்வெளியிற் சிறுவீடு நாவலிலாகும். 1869ஆம் ஆண்டிலே இங்கல்ஸ் குடும்பம் கன்சாசின் தென்பகுதியிலே, இன்டிபென்டென்ஸ் என்னும் பட்டினத்துக்கு அணித்தாகக் குடியேறியது. அந்நிலம் அப்போது ஒசேஜ் மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே வீட்டுநிலச் சட்டம் செல்லுபடியாகாது. எனவே சார்ள்ஸ் இங்கல்சும் அவரையொத்த பல்லாயிரவரும் அங்கு அத்துமீறிக் குடியேறியோரேயாவர்.

அன்றைய கன்சாஸ் மூன்று தரப்பினரின் மோதற்களமாய் இருந்தது. 1868இல் வரையப்பட்ட உடன்படிக்கையொன்று, ஒசேஜ் மக்களின் 80 இலட்சம் ஏக்கர் நிலத்தை ஏக்கருக்கு ஏறத்தாழ 20 சதம் வீதம் புகையிரதக் கம்பனியொன்றுக்கு விற்க வகைசெய்தது. குடியேறியோர் இதனைத் தீவிரமாக எதிர்த்தனர். நிலம் கம்பனிக்குச் சென்றால் தாம் கூடிய விலைகொடுத்து வாங்க நேரிடும் என்பதே அவர்தம் அச்சம். உடன்படிக்கை அங்கீகாரம் பெறவில்லை. 1870 ஜூலையிலே காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படி, ஒசேஜ் மக்கள் வெளியேறுவதென்றும், நிலம் குடியேறியோருக்கு ஏக்கர் 1.25 டொலர் விலைக்கு விற்கப்படுவதென்றும் முடிவாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒசேஜ் மக்கள் அதற்கு இணங்கினர்; இணங்குவதைவிட வேறு வழி அவர்களுக்கு விடப்பட்டிருக்கவில்லை.

நாவலோ வேறு கதையைக் கூறுகிறது. அதன் முடிவிலே, குடியேறியோரை வெளியேற்ற இராணுவத்தினர் வரப்போகின்றனர் என்னும் செய்தி வருகிறது. தந்தை வாஷிங்டன் அரசியல்வாதிகளைச் சினந்து, தன் உழைப்பாலே உருவான வீட்டையும் உழுத நிலத்தையும் விட்டு வண்டியேறுகிறார். வரலாற்றிலே நிகழ்ந்தது இதுவன்று. விஸ்கொன்சினில் அவர் விற்றிருந்த காணிக்கு வாங்கியவர் பணம் செலுத்த இயலாமற் போகவே, அக்காணியைத் திரும்பப் பெற்றுக் குடும்பம் 1871இல் அங்கே மீண்டது. கன்சாசிலே தங்கியிருந்தால் அரசு நிர்ணயித்த குறைந்த விலைக்கு நிலத்தை வாங்கியிருக்கலாம். அதாவது, குடியேறியோரின் நலனுக்காக ஒசேஜ் மக்களை அப்புறப்படுத்திக்கொண்டிருந்த அரசு, நாவலிலே குடியேறியோனை அப்புறப்படுத்தும் அரசாக மாற்றப்படுகிறது. நிலமிழந்தவனின் துயரம் நிலம் எடுத்தவனுக்கு உரிமையாக்கப்படுகிறது. இதனை ஞாபக மறதியென்று தள்ளிவிட முடியாது. கன்சாசிலே வாழ்ந்தபோது வைல்டர் இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தை. நாவலின் லோறாவோ ஓரளவு விபரமறிந்த சிறுமி. ஆகவே நாவலிலே வரும் 'நினைவு' பெற்றோர் கூறிய கதைகளையும் பிற்காலத் தேடலையும் கொண்டு கட்டியெழுப்பப்பட்டதாகும். கட்டியெழுப்புவோர் எதனைத் தெரிந்தெடுக்கிறார் என்பது கருத்துநிலை சார்ந்த வினாவாகும்.

இந்நாவலின் தொடக்கப் பகுதியிலே, அப்பிரதேசத்தில் மனிதர் எவருமில்லை, இந்தியர் மட்டுமே வாழ்ந்தனர் என்னும் பொருள்பட ஒரு வசனம் இருந்தது. 1952இல் வாசகர் ஒருவர் இதனைச் சுட்டியெழுதியதைத் தொடர்ந்து, 1953ஆம் ஆண்டுப் பதிப்பிலே 'மனிதர்' என்ற சொல் 'குடியேறியோர்' என்று மாற்றப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளாக எழுத்தாளரோ பதிப்பாசிரியரோ அவ்வசனத்திற் குறை காணவில்லை என்பது ஒருபுறமிருக்க, அச்சொல்லை மாற்றியபின்பும் நாவலின் அமைப்பு மாறவில்லை என்பதே முக்கியமானது. வெறுமையான புல்வெளி என்னும் படிமத்தின்மீதே அக்கதை முழுவதும் நிற்கிறது.

4

நாவல்களின் மௌனங்களை அடுத்து நோக்குதல் வேண்டும். 1930 அளவிலே வைல்டர் வளர்ந்தோருக்கென ஒரு தன்வரலாற்றை எழுதினார். அன்று பதிப்பாளரால் ஏற்கப்படாத அக்கையெழுத்துப் பிரதி, 2014ஆம் ஆண்டிலேதான் முன்னோடிச் சிறுமி என்னும் பெயரில் விரிவான குறிப்புகளுடன் நூலுருப் பெற்றது. கரலைன் பிரேசர் எழுதி 2017இல் வெளிவந்து, மறு ஆண்டிலே புலிட்சர் பரிசு பெற்ற வாழ்க்கை வரலாறும், வேறு ஆய்வுகளும் பல ஆவணச் சான்றுகளைத் தந்துள்ளன. இவற்றை நாவல்களோடு ஒப்பிடும்போது, விடுபட்டவை யாவும் ஒரே திசையைச் சுட்டுவதைக் காண்கிறோம்.

முதலாவது, மினசோட்டாவில் நிகழ்ந்த வெட்டுக்கிளி அழிவு. 1873 முதல் 1877 வரை மேற்குச் சமவெளிகளை வெட்டுக்கிளிக் கூட்டங்கள் சூறையாடின. வோல்நட் குறோவ் என்னுமிடத்தில் சார்ள்ஸ் கடன்பட்டு வீடுகட்டி விதைத்த கோதுமை, அறுவடைக்குமுன் கண்ணெதிரே மறைந்தது. பிளம் ஓடைக்கரையில் நாவல் இவ்வழிவை மறக்கவியலாத வகையிலே சித்திரிக்கிறது. தந்தை கால்நடையாகக் கிழக்கே சென்று கூலிவேலை செய்து பணம் அனுப்புவதையும் காட்டுகிறது. ஆனால் 1875இல் சார்ள்ஸ் தமக்கு எவ்வித வசதியுமில்லை எனச் சத்தியக்கூற்றிற் கையொப்பமிட்டு அரசாங்க நிவாரண மாவைப் பெற்றார் என்பது நாவலில் இல்லை.

இரண்டாவது, அயோவா மாநிலத்து பேர் ஓக் கிராமத்தில் கழிந்த 1876–77ஆம் ஆண்டுகள். ஒன்பது மாதக் குழந்தையாகிய ஒரே மகனைப் பறிகொடுத்த பின்னர், அக்குடும்பம் அங்கே ஒரு விடுதியில் வேலைசெய்து பிழைத்தது. ஈற்றிலே கடனை இறுக்க வழியின்றி இரவோடிரவாக ஊரைவிட்டு நீங்கியது. இவ்வாண்டுகள் நாவல் வரிசையிலிருந்து முற்றாக நீக்கப்பட்டுள்ளன. மேற்கு நோக்கியே செல்லும் குடும்பம் ஒருகாற் கிழக்கு நோக்கித் திரும்பிற்று என்பதும், நிலச்சொந்தக்காரன் விடுதிப் பணியாளனானான் என்பதும் அந்த இதிகாசத்திற்கு இயைபற்றவை.

மூன்றாவது, மேரியின் கல்வி. 1879இல் நோயினாற் பார்வையிழந்த மேரி, 1881இல் அயோவாவின் பார்வையற்றோர் கல்லூரியிற் சேர்ந்தாள். அவளை அங்கு அனுப்புவதற்காகக் குடும்பத்தினர் ஒவ்வொரு சதமாகச் சேர்ப்பதும், லோறா பட்டினத்திலே சட்டை தைத்தும், பதினாறு வயது நிறையுமுன்பே ஆசிரியையாகியும் உழைப்பதும் நாவல்களின் பிற்பகுதிக்கு உணர்ச்சி மையமாக அமைகின்றன. அவ்வுழைப்பு உண்மையானதே. ஆயின் மேரியின் கல்விக் கட்டணத்தைச் செலுத்தியது டக்கோட்டாப் பிரதேச அரசாங்கம் என்பது வாசகருக்குக் கூறப்படுவதில்லை.

நிவாரண மா, கூலிவேலை, பொதுப்பணத்தாற் கிடைத்த கல்வி ஆகிய இம்மூன்றும் மறைக்கப்பட்டும் மங்கலாக்கப்பட்டும் போனமையாலேயே முன்னோடிக் கமக்காரன் எவருக்கும் கடன்படாதவனாகத் தோற்றமளிக்கிறான். 1937இல் டெற்றொயிற் புத்தகக் கண்காட்சியிலே பேசிய வைல்டர், தாம் கூறியவை உண்மையாயினும் முழு உண்மையல்ல என்பதை ஒப்புக்கொண்டார். எப்பகுதி விடப்பட்டது என்பதிலேயே நூலின் அரசியல் தங்கியுள்ளது.

5

இக்கதைகள் 1870களைப் பற்றியனவாயினும் 1930களிலே பிறந்தவை. 1929ஆம் ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சியில் வைல்டரும் அவர் மகள் றோஸ் வைல்டர் லேனும் தம் சேமிப்பை இழந்தனர். நூல்களை எழுதவேண்டிய தேவை அவ்விழப்போடு நேரடியாகத் தொடர்புடையது. அமெரிக்கக் கமக்காரர் இலட்சக்கணக்கில் நிலமிழந்த காலம் அது. ரூஸ்வெல்ட் அரசாங்கம் 1933 முதல் நிவாரணத் திட்டங்களையும் விவசாய மானியங்களையும் கொண்டுவந்த காலமும் அதுவே. தாயும் மகளும் அவற்றைக் கடுமையாக எதிர்த்தனர்.

அக்காலத்திலே புகழ்பெற்ற எழுத்தாளராயிருந்த லேன், தாயாரின் பிரதிகளைத் திருத்தியமைத்ததில் எத்துணைப் பங்கு வகித்தார் என்பது ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. பங்கு கணிசமானது என்பதில் ஐயமில்லை. 1943இல், நாவல் வரிசையின் இறுதி நூல் வெளிவந்த அதே ஆண்டிலே, அரசின் தலையீடற்ற தனிமனித சுதந்திரத்தைப் போற்றும் சுதந்திரத்தின் கண்டுபிடிப்பு என்னும் அரசியல் நூலை லேன் வெளியிட்டார். அவருடைய வாரிசான றோஜர் மக்பிறைட், 1976ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிலே சுதந்திரவாதக் கட்சியின் வேட்பாளராக நின்றவர். 1974 முதல் 1983 வரை ஒளிபரப்பாகி உலகெங்கும் இந்நாவல்களைப் பரப்பிய தொலைக்காட்சித் தொடரின் உருவாக்கத்திலும் பங்குகொண்டவர். ஒரு கருத்துநிலை எவ்வாறு ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறி மறுவுற்பத்தி செய்யப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைச் சுட்டுதல் அவசியம். வைல்டர் தாமே மிசூரி மாநிலத்து மான்ஸ்பீல்டிலே, 1917 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கமக்கடன் சங்கமொன்றின் செயலாளராகவும் பொருளாளராகவும் பணிபுரிந்தவர். 1916ஆம் ஆண்டின் மத்திய கமக்கடன் சட்டத்தின்கீழ் அரசு வழங்கிய கடன்களை அயற் கமக்காரருக்குப் பகிர்ந்தளித்தது அச்சங்கம். அரசின் உதவியின்றிச் சிறு கமக்காரன் நிலைத்தல் அரிது என்பதை அனுபவத்தால் நன்கறிந்தவர் அவர். அந்த அனுபவத்துக்கு எதிராகவே நாவல்களின் கருத்துநிலை நிற்கிறது.

தந்தை கையொப்பமிட்டு வாங்கிய மாவை மறைத்த நாவல், அதே காலத்திலே நிவாரண வரிசையிலே நின்றவனை நாணச் செய்தது. இக்கட்டுரையின் மையமான கூற்று இதுவே. 'எங்கள் முன்னோர் கைநீட்டவில்லை. நீங்கள் ஏன் நீட்டுகிறீர்கள்?' என்னும் கேள்வி, வரலாற்றைத் திரித்தாலன்றி எழுப்பப்பட முடியாததாகும்.

6

எனினும் இத்துடன் நிறுத்திக்கொள்வோமாயின், நாம் இலக்கியத்தை வெறும் பிரசாரமாகக் குறுக்கும் வாய்பாட்டு விமர்சனத்திற்கு ஆளாகிவிடுவோம். 1888இல் மார்கரெட் ஹார்க்னசுக்கு எழுதிய கடிதத்திலே, பால்சாக்கின் அரசியற் சார்பை மீறி அவரது யதார்த்தவாதம் வெற்றிபெற்றமையை எங்கெல்ஸ் குறிப்பிட்டார். வைல்டரைப் பால்சாக்குடன் ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் அதே நியதி இங்கும் ஓரளவு செயற்படுகிறது.

இந்நாவல்களின் தலையாய சிறப்பு உழைப்பைச் சித்திரிக்கும் முறையிலே உள்ளது. மரங்களைச் செதுக்கி வீடெழுப்புதல், ஆணியின்றிக் கதவு செய்தல், இறைச்சியைப் புகையூட்டிப் பாதுகாத்தல், துப்பாக்கிக் குண்டு வார்த்தல், கிணறு தோண்டுதல் ஆகியவற்றை ஒவ்வொரு படிமுறையாக வாசகன் அருகிருந்து காணுமாறு அவர் எழுதுகிறார். பூர்ஷுவா நாவல் பெரும்பாலும் உழைப்பின் விளைவைக் காட்டி உழைப்பை மறைப்பது. இங்கோ பொருளின் பின்னாலுள்ள கை காணப்படுகிறது. மேலும், அவ்வாறு நேர்மையாகச் சித்திரிக்கப்படும் உழைப்பே தன்னந்தனிக் கமக்காரன் என்னும் புனைவைப் பொய்யாக்குகிறது. கன்சாசிலே வீடெழுவது அயலவர் எட்வேட்சுடன் உழைப்பை மாற்றிக்கொள்வதாலே. கூரைக்குரிய ஆணிகள் அவரிடம் கடனாகப் பெற்றவை. கிணற்றின் அடியிலே நச்சுவாயுவால் மயங்கிய அயலவரைத் தந்தை இறங்கி மீட்கிறார். முழுக் குடும்பமும் குளிர்காய்ச்சலில் வீழ்ந்தபோது உயிர்காப்பவர், ஒசேஜ் மக்களிடையே பணிபுரிந்த கறுப்பின வைத்தியர் ஒருவர். கூற்றாக மறுக்கப்படும் பரஸ்பரச் சார்பு நிகழ்ச்சிகளாக மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

வெள்ளி ஏரிக்கரையில் நாவல் இன்னுமொருபடி செல்கிறது. 1879இல் சார்ள்ஸ் புகையிரதப்பாதை அமைக்கும் முகாமிலே கணக்காளராக ஊதியத்துக்குச் சேர்கிறார். கூலியின் ஒரு பகுதி பின்நிறுத்தப்பட்டதை எதிர்த்துத் திரளும் தொழிலாளருக்கும் கம்பனிக்குமிடையே அவர் நின்று சமாளிக்கும் காட்சியிலே, சுதந்திரக் கமக்காரனின் உண்மையான வர்க்கநிலை வெளிப்பட்டுவிடுகிறது. நிலத்தைப் பதிவுசெய்யும் பணம் கம்பனி தந்த ஊதியத்திலிருந்தே வரவேண்டும். வீட்டுநிலச் சட்டத்தை, அரசோடு 14 டொலர் கட்டி ஆடும் பந்தயமாகத் தந்தை வேடிக்கையாகக் கூறுவது இதே நாவல் வரிசையிலேதான். அவ்வேடிக்கையிலே கசப்பும் கலந்துள்ளது.

இவ்வரிசையின் கலைச் சிகரம் நீண்ட பனிக்காலம் ஆகும். 1880–81ஆம் ஆண்டுப் பனிப்புயல்கள் டி ஸ்மெற் பட்டினத்தை வெளியுலகிலிருந்து துண்டித்தன. மாதக்கணக்காகப் புகையிரதம் வரவில்லை. விறகின்றி வைக்கோலை முறுக்கி எரித்தும், கோப்பி அரைக்கும் சிறு யந்திரத்திலே கோதுமையை மாறிமாறி அரைத்தும் குடும்பம் உயிர்தரிக்கிறது. விறைத்த விரல்களால் தந்தை பிடில் வாசிக்க இயலாமற் போவது, வறுமை பற்றிய நீண்ட விரிவுரைகள் சாதிக்க முடியாததைச் சாதிக்கிறது. சந்தைக்கென உற்பத்தி செய்யும் கமக்காரன், சந்தையோடு தன்னைப் பிணைக்கும் ஒரேயொரு தண்டவாளம் அறுந்ததும் பட்டினி கிடக்கிறான். சுயசார்பு என்பதற்கு இதனைவிடத் தக்க மறுப்பு உண்டோ?

ஆனால் நாவல் இம்மறுப்பின் விளிம்புவரை வந்து பின்வாங்குகிறது. விதைக்கோதுமையைச் சுவரின் பின்னே ஒளித்துவைத்துள்ள இளைஞன் அல்மான்சோவிடமிருந்து தந்தை ஒரு வாளி கோதுமையை எடுக்கிறார். எடுத்ததற்கு விலையும் தருகிறார். உயிரைப் பணயம்வைத்துத் தொலைவிலிருந்து புசல் 1.25 டொலருக்குக் கொண்டுவரப்பட்ட கோதுமையைக் கடைக்காரர் 3 டொலருக்கு விற்க முயலும்போது ஊரார் கொதித்தெழுகின்றனர். தந்தையோ, கடைக்காரருக்கு விலைகூற உரிமையுண்டு, பனிக்காலம் கழிந்தபின் அவரிடம் வாங்காதிருக்கும் உரிமை எங்களுக்கும் உண்டு என்னும் தருக்கத்தினால் அவரை இணங்கச் செய்கிறார். பட்டினியின் மத்தியிலே எழுந்த வர்க்க முரண்பாடு, வாங்குவோனுக்கும் விற்போனுக்குமிடையிலான பேரமாகத் தணிக்கப்படுகிறது. யதார்த்தம் திறந்த கதவைக் கருத்துநிலை சாத்திவிடுகிறது.

பெண்களின் நிலையும் இங்கு கருதத்தக்கது. குடும்பக் கமம் என்னும் உற்பத்தி அலகு, கணக்கில் வராத பெண்ணுழைப்பின்மேல் நிற்பது. ஒவ்வொரு புதிய வீட்டிலும், தந்தை செதுக்கிய மரத்தட்டிலே தாய் தன் பீங்கான் ஆய்ச்சிப் பொம்மையை வைக்கிறாள். அன்றுதான் அது வீடாகிறது. அடுத்த புறப்பாட்டிலே அது மீண்டும் பொதிக்குட் செல்கிறது. நிலையான வீட்டையும் பாடசாலையையும் வேண்டி நிற்கும் கரலைனின் ஆசை, கணவனின் மேற்றிசை மோகத்துக்குப் பலமுறை பலியாவதை வைல்டர் முறைப்பாடாகக் கூறவில்லை. அப்பொம்மையை மட்டும் காட்டுகிறார்.

இந்நாவல்களிலே மிக ஆழமாக ஒலிப்பது சிறுமியின் கேள்வியாகும். இந்தியர் மேற்கே செல்லவேண்டும், அரசு அவர்களை அனுப்பிவிடும் என்று தந்தை கூறும்போது, இது அவர்களுடைய நாடல்லவா, அவர்களுக்குக் கோபம் வராதா என்ற பொருள்பட லோறா வினவுகிறாள். தந்தையின் விடை, கேள்வியை நிறுத்தி உறங்கு என்பதே. பின்னர் ஒசேஜ் மக்கள் நீண்ட வரிசையிலே நாள்முழுதும் அவ்வீட்டைக் கடந்து செல்லும்போது, எவருக்கும் உண்ண மனமில்லாத ஒரு வெறுமை குடும்பத்தைக் கவிந்துகொள்கிறது. விடையளிக்கும் திராணி நாவலுக்கு இல்லை. ஆனால் கேள்வியை அழித்துவிடவும் அதனால் முடியவில்லை.

7

நாவல் வரிசை 1885இல், லோறாவின் திருமணத்துடன் முடிகிறது. தந்தை தம் நிலத்திலே நிலைபெற்றுவிட்டார் என்ற மனப்பதிவுடன் வாசகர் நூலை மூடுகின்றனர். வரலாறு அங்கே முடியவில்லை. சார்ள்ஸ் 1886இல் நிலத்துக்கு உறுதி பெற்றார்; சிறிது காலத்தில் கமத்தை விட்டுப் பட்டினத்திற் குடியேறித் தச்சுவேலை முதலியன செய்து வாழ்ந்து 1902இல் காலமானார். லோறாவும் அல்மான்சோவும் கடனுக்கு வாங்கிய யந்திரங்கள், ஆலங்கட்டி மழை, வரட்சி, நோய், குழந்தையின் மரணம், தீ என்பவற்றாற் சிதைந்து, 1894இல் டக்கோட்டாவை விட்டு மிசூரி நோக்கிச் சென்றனர். இவ்வீழ்ச்சியைக் கூறும் முதல் நான்கு ஆண்டுகள் என்னும் நூல் ஆசிரியையும் மகளும் மறைந்தபின், 1971இலேதான் அச்சேறியது. 1893இல் பிரெடெறிக் ஜக்சன் டேர்ணர், எல்லைப்புறமே அமெரிக்க ஜனநாயகத்தை உருவாக்கியது என்னும் தமது கோட்பாட்டை முன்வைத்தபோது, அவ்வெல்லைப்புறத்தின் கமக்காரர் பலர் கடனாளிகளாகி நின்றனர். அமெரிக்க விவசாயம் பற்றி 1915இல் எழுதிய ஆய்விலே, சிறு குடும்பக் கமமே அங்கு நிலைபெற்று வருகிறது என்னும் வாதத்தை லெனின் புள்ளிவிபரங்கொண்டு மறுத்ததும் நினைவுகூரத்தக்கது.

2018இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு, 1954 முதல் வைல்டரின் பெயரால் வழங்கிவந்த விருதுக்கு வேறு பெயர் சூட்டியது. சுதேச மக்களையும் கறுப்பின மக்களையும் இந்நூல்கள் சித்திரிக்கும் முறையே அதற்குக் காரணம். அம்முடிவு நியாயமானதே. ஆயினும் 1953இல் ஒரு சொல்லை மாற்றியதுபோல், 2018இல் ஒரு பெயரை மாற்றுவதோடு நிறைவுகொள்ள முடியாது. இழிவான சித்திரிப்புகளைச் சுட்டும் விமர்சனம், அச்சித்திரிப்புகளைத் தேவையாக்கிய நிலவுறவையும், உதவி பெறுவதை இழிவாக்கிய சுயசார்புக் கதையையும் தொடாது விடுமாயின், அது பாதி வழியிலே நின்றுவிடுகிறது. முதலாவதைக் கண்டிப்போர் பலர் இரண்டாவதை இன்றும் போற்றுகின்றனர்.

எனவே இந்நூல்களைப் பிள்ளைகளின் கையிலிருந்து பறிக்கவேண்டும் என நாம் கூறவில்லை. உழைப்பின் மதிப்பை இத்துணை நுணுக்கமாகக் கற்பிக்கும் சிறுவர் நூல்கள் அரிது. அவற்றைப் படிக்கும் பிள்ளைக்கு, நாவல் மறைத்த மாப்பீப்பாவையும், அரசு செலுத்திய கல்லூரிக் கட்டணத்தையும், ஏக்கருக்கு 1.25 டொலர் என்று விலைகூறப்பட்ட ஒசேஜ் நிலத்தையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். கைகள் பலவற்றாலே தாங்கப்பட்ட ஒரு குடும்பம் என்று அறிவதனால் சார்ள்ஸ் இங்கல்ஸ் சிறுமையடையமாட்டார். பட்டினியிலே தம் பிள்ளைகளுக்காகக் கையொப்பமிட்ட தந்தை, பிடில் வாசித்த தந்தையினும் குறைந்தவரல்லர். சிறுமி லோறா கேட்ட கேள்விக்கு, உறங்கு என்பதன்றி வேறு விடையளிப்பது இனிப் படிப்போரின் கடமையாகும்.